காகம் எடுத்திட்டுது

“அம்மா, விரதத்தை விடுங்கோ.”

கேட்கவே கூடாது என்று சொல்லி வளர்த்த ஒன்றைத் தாட்சாயினி வெள்ளிக்கிழமை பின்னேரம் குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டாள். விரதம் பிடிக்கிற ஆளிடம் போய் விடு என்று சொன்னால் அந்தப் பாவம் சொன்னவர் தலையில் விடியும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

புஷ்பராணி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“வாயைக் கழுவு,” என்றாள்.

“கழுவிட்டுத்தான் வந்தனான். போன சனிக்கிழமை இந்த இடத்திலதானே விழுந்து கிடந்தனீங்கள்? கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரி சத்தம் கேட்டு மேல வந்திருக்காட்டி என்ன நடந்திருக்கும்? சீனி வருத்தக்காரி பச்சைத்தண்ணியோட மத்தியானம் மட்டும் நிண்டா விழாம என்ன செய்யும்?”

“காகம் எடுக்கச் சுணங்கிப்போச்சு.”

“காகமென்ன வேலைக்கு வந்து பஞ்ச் அடிக்குதோ, நேரத்துக்கு வர?”

மேசையில் தேத்தண்ணியோடு இருந்த தகப்பன் மகேந்திரராசாவுக்குச் சிரிப்பு வந்தது. மனுசி திரும்பிப் பார்க்க, அதைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினார்.

புரட்டாதிச் சனிக்கு விரதம் பிடிக்கிறவர்கள் எள்ளுச்சோறு படைத்து, காகம் ஒரு வாய் எடுத்த பிறகுதான் தாங்கள் வாய் நனைப்பார்கள். ஊரில் அது பெரிய காரியமில்லை. முற்றத்தில் வைத்தால் வைத்த கை எடுக்க முதல் காகம் வரும். மொன்றியலில், கார்ட்டியர்வில்லில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடிக்குக் காகம் வருவதில்லை. பல்கனியில் சோறு வைத்தால் அணில் வந்தது, கடற்புறா வந்தது, பிறகு வீட்டுக்காரன் வந்தான். இன்னொரு தரம் சோறு கண்டால் வீட்டை விட்டு எழும்பவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் மகேந்திரராசா சோற்றுச் சட்டியைத் தான் வேலை செய்கிற தோட்டத்துக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். மொன்றியலுக்குத் தெற்கே, ஆற்றைத் தாண்டி ஒரு மணித்தியால ஓட்டம். அங்கே காகத்துக்குக் குறைவில்லை. காகம் வாய் வைத்ததும் அவர் போன் எடுத்து “எடுத்திட்டுது, சாப்பிடு” என்பார். அதற்குப் பிறகுதான் புஷ்பராணி கோப்பை எடுப்பாள். கழுத்தில் சாம்பல் நிறம் இல்லாத இந்த ஊர்க் காகம் கணக்கில் வருமா என்று கோயில் ஐயரிடம் கேட்டும் வைத்திருந்தாள். கறுப்பாய் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டு ஐயர் அவசரமாகக் காரில் ஏறிவிட்டார்.

புரட்டாதி முடிந்தது. மற்றப் பெண்கள் விரதத்தை முடித்து மீன் வாங்கத் தொடங்கிவிட்டார்கள். ஐப்பசி பிறந்தும் புஷ்பராணி விடவில்லை. அது தன்னுடைய ஏழரைச் சனிக்காக என்று தாட்சாயினிக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கியது. பட்டம் எடுத்த அன்று கேக் வெட்டின அதே ஆட்கள்தான், இருபத்தாறாகியும் ஒன்றும் பொருந்தவில்லையே, சனி நிற்கிறதோ என்று அம்மாவின் காதில் போட்டவர்கள். தன்னுடைய கல்யாணத்துக்காக ஒருத்தி பசி கிடந்து மயங்கி விழுவது அவளுக்கு அவமானமாக இருந்தது. அவள் வேலை செய்கிற ஆய்வுகூடத்தில் இப்படி ஒரு கதையைச் சொல்லக்கூட முடியாது.

“எனக்காகத்தானே பிடிக்கிறியள்? எனக்கு வேண்டாம்.”

“நீ வேண்டாமெண்டா நிக்கிற சாமானே அது?”

“சரி, அப்ப நாளைக்கு நான் போறன். நானே வைக்கிறன். வெள்ளன எடுக்கப் பண்ணுறன்.”

புஷ்பராணியின் கை அப்போதுதான் நின்றது.

“உனக்கென்ன விசரே? குளிருக்க.”

“அங்க பொம்பிளையள் வாறேல்லைப் பிள்ளை,” என்றார் மகேந்திரராசா.

“போன கிழமையும் ரெண்டு பொம்பிளையள் கோவா வெட்ட வந்தவை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“சனிக்கிழமையில வாறேல்லை.”

உப்புக் கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர் இவ்வளவு கெதியாக ஒரே கட்சி ஆனது தாட்சாயினிக்குப் பிடிக்கவில்லை. அதனாலேயே காலமை சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு முதல் ஆளாகக் கீழே போய் நின்றாள்.

வான் தியாகலிங்கத்தினுடையது. அவர் புஷ்பராணியின் பெரியம்மாவின் மகன். பத்றோன் என்று இவர்கள் சொல்கிற தோட்ட முதலாளிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர், கர்க்லாண்டில் பெரிய வீடு. இந்தக் குடும்பம் வந்திறங்கிய காலத்தில் முதல் குளிர் உடுப்பு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அந்த உடுப்பு கிழிந்து எத்தனையோ வருசம். நன்றி மட்டும் இன்னும் கிழியவில்லை. மாமாவிடம் எதுவும் கேட்கக் கூடாது, மாமா சொன்னதற்கு மறுத்துக் கதைக்கக் கூடாது.

“இதென்ன, மருமோளும் வெளிக்கிட்டிட்டா?” என்றவர் மகேந்திரராசாவைப் பார்த்தார். “இண்டைக்கோ அத்தான்?”

“சொல்லிப் பாத்தன். கேக்கிறாள் இல்லை.”

பின் சீற்றில் மன்னார்த் தேவதாசன் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுப் படுத்திருந்தான்.

“வரட்டும் அண்ணை. படிச்ச பிள்ளை வைச்சா காகம் பிரெஞ்சில நன்றி சொல்லும்.”

“நீங்கள் வைச்சா?” என்றாள் தாட்சாயினி.

“நான் வேதக்காரன். நான் வைச்சா அது முதல் செபம் சொல்லிட்டுத்தான் சாப்பிடவேணும். ஆறிப்போயிடும்.”

வானுக்குள் சிரித்தார்கள். பாலம் தாண்டியபின் ஒருவரின் தலை மற்றவரின் தோளில் சாய, கழுவிக் கழுவியும் போகாத வெங்காய நாற்றத்தோடு எல்லாரும் நித்திரையானார்கள். அப்பா மட்டும் விழித்திருந்தார். துணியில் சுற்றிய சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். சூடு போய்விடும் என்ற பயம்போல.

தோட்டத்தில் விடிந்தும் விடியாத வெளிச்சம். மண் கரிபோலக் கறுப்பு. அதன் மேல் வெள்ளையாய் உறைபனி. முட்டைக்கோவா வரிசை வரிசையாகக் கிடந்தது. வெட்டுகிறவர்கள் இடது கையால் தலையைச் சரித்து, அடியில் கத்தியைக் கொடுத்து, வெளி இலையை உரித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு குனிந்த முதுகும் நாரியும் நிமிராமல் போனார்கள். தாட்சாயினியும் ஒரு கத்தியை எடுத்தாள். பத்துக் கோவா வெட்டுவதற்குள் கையுறை நனைந்து விரல்கள் மரக்கட்டையாகின. பக்கத்து வரிசையில் தேவதாசன் ஐம்பதில் நின்றான்.

“தடவித் தடவி வெட்டாதை தங்கச்சி. ஆய்வுகூடம் இல்லை, தோட்டம்.”

“அப்பா எங்க வைக்கிறவர் சோறு?”

“அந்தா, சோளம் வெட்டின வயல் மூலையில, கல்லுக் குமியல். கொப்பர் சனிக்கிழமை மட்டுமில்லை, எல்லா நாளும்தான் வைக்கிறவர். தான் தின்ன முதல் ஒரு பிடி அந்தக் கல்லில. எங்கட ஆக்களே பகிடி பண்ணுறவங்கள். காகம் எல்லாம் அவற்ர தொப்பியைக் கண்டாலே பின்னால வரும். அதைத்தானே பத்றோன் கண்டவன்.”

“கண்டு?”

தேவதாசன் கத்தியைத் துடைத்தான். பெட்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளினான்.

“நீ போய்ப் பார். நான் ஏன் சொல்லுவான்?”

அவள் வரம்பால் நடந்து போனபோது மகேந்திரராசா கல்லுக் குமியலடியில் நின்றார். வாழையிலை இல்லாததால் பெரிய கோவா இலை ஒன்றைக் கல்லில் விரித்து, எள்ளுச்சோற்றைக் குவித்து, நல்லெண்ணெய் விட்டுக் கும்பிட்டார். பிறகு வாயைக் குவித்துக் கூப்பிட்டார்.

“கா... கா... கா...”

தாட்சாயினி நின்றுவிட்டாள். இந்த நாட்டில் அப்பா உரத்துக் கதைத்து அவள் கேட்டதில்லை. வங்கியில், ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், எங்கேயும் மற்றவர் தூக்கத்தைக் கலைக்கக் கூடாது என்பதுபோலத்தான் கதைப்பார். இங்கே வயல் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். தூரத்து மரங்களில் இருந்து பதில் வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாமல்.

அவளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

“வா, வா. தள்ளி நில்.”

“ஏன் இழுக்கிறியள்?”

“தள்ளி நிண்டாத்தான் வரும்.”

இழுத்துக்கொண்டு உழவு றக்ரர் நின்ற இடம் வரைக்கும் போனார். காகங்கள் முதலில் சுற்றின. ஒன்று மட்டும் கல்லில் இறங்கிச் சோற்றைச் சரிந்து பார்த்து, ஒரு கொத்துக் கொத்தியது. அது கரைய, மற்றவை இறங்கின. கல்லுக் குமியல் கறுத்தது. மகேந்திரராசா போனை எடுத்தார்.

“எடுத்திட்டுது. சாப்பிடு. ஓம், ஓம். மருந்தை மறக்காதை.”

போனை அணைத்தார். சட்டைப் பைக்குள் வைத்தார். பையின் சிப்பை இழுத்து மூடினார்.

அப்போது சுட்டார்கள்.

சோளத்தாள் குவியல் என்று அவள் நினைத்திருந்த இடத்தில் இருந்து நாலு பேர் எழும்பி நின்று சுட்டார்கள். காகங்கள் ஒன்றாய்க் கிளம்பின; சில கிளம்பாமலே விழுந்தன. திரும்பி வந்து விழுந்ததைச் சுற்றிக் கத்தினவற்றையும் சுட்டார்கள். தாட்சாயினி றக்ரரின் சில்லோடு குந்திவிட்டாள். மகேந்திரராசா குந்தவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. மழை விடக் காத்திருக்கிற ஆள் மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சத்தம் ஓய்ந்ததும் அவள் நேரே அவர்களிடம் போனாள். பின்னால் தியாகலிங்கம் “மருமோள், நில்லு பிள்ளை” என்று ஓடிவந்தார். அவள் நிற்கவில்லை. பத்றோன் துவக்கை நடுவில் மடித்துத் தோளில் போட்டபடி அவளைக் கண்டு “பொன்ஜூர்” என்றான். சிவந்த முகம், நல்ல சிரிப்பு. மற்ற மூன்று பேரும் அவனுடைய மச்சானும் கூட்டாளிகளும்.

இது சாப்பாடு இல்லை, சாமிக்குப் படைத்தது, வந்து சாப்பிடுகிறதை இப்படிச் சுடலாமா என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள். பள்ளிக்கூடம் தொடங்கிப் பட்டம் வரைக்கும் படித்த பிரெஞ்சு முழுதும் அவள் வாயில் நடுங்கியது.

அவன் தொப்பியைக் கழற்றினான்.

“மத்மொசெல், எங்களுக்குத் தெரியும். தியாகா எல்லாம் விளங்கப்படுத்தியிருக்கிறார். உங்கள் வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். உங்கள் அப்பா அம்மாவோடு கதைத்து முடித்துப் போனைப் பைக்குள் வைக்கும் மட்டும் இங்கே ஒருவரும் விசையில் விரல் வைப்பதில்லை. போன கிழமை எவ்வளவு நேரம் காத்திருந்தோம் தெரியுமா?”

உண்மையாகவே சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. பொல்லாதவன் என்றால் ஏசலாம். இவன் காத்திருந்தவன்.

தியாகலிங்கம் பேச்சை இடையில் வெட்டி, இரண்டு சிரிப்புச் சிரித்து, பத்றோனை அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

“பத்றோனிட்ட நேர கதைக்கிறேல்லை எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?”

“இதை நீங்களோ மாமா ஒழுங்கு பண்ணினது?”

“ஒழுங்கென்ன ஒழுங்கு. காகம் சோளத்தையும் பூசணியையும் கொத்தி நாசமாக்குது. அவங்கள் எப்பவும் சுடுறவங்கள்தான். பிளாஸ்ரிக் ஆந்தையைக் கட்டிப் பாத்தாங்கள், பெட்டியில காகச் சத்தம் போட்டுப் பாத்தாங்கள். ரெண்டு கிழமையில காகம் சூழ்ச்சியைக் கண்டுபிடிச்சிட்டுது. அத்தான்ர சோத்தை மட்டும் அதுகள் நம்புது. நான் என்ன செய்ய?”

“நம்புதெண்டு சொல்லுறியள். வாய் கூசேல்லையே?”

“எடியே, இஞ்ச கேள். மார்கழி வந்தா இந்த வானில வாற அவ்வளவு பேரும் சோமாஜ், வேலையில்லாக் காசு எடுத்துக்கொண்டு வீட்டில இருக்கவேணும். கரட் கழுவுற செட்டுக்கு அஞ்சு பேரைத்தான் வைச்சிருப்பான். ஹீற்றர் போட்ட கொட்டில் அது. கொப்பற்ர பேர் முதலாவதா நிக்குது. ஏன் நிக்குது? அவற்ர நாரியைப் பாத்தோ? இந்த வயசில வேற ஆர் எடுப்பாங்கள் அவரை? துறைமுகத்தில பெட்டி தூக்கப் போவாரோ?”

அவளுக்கு மறுமொழி இருந்தது. ஆனால் அவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள். அவர் உரப் பை ஒன்றோடு சோளத்தாளுக்குள் நடந்து, விழுந்ததுகளைக் காலில் பிடித்துத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். ஒன்று ஒற்றைச் செட்டையை அடித்து வட்டமாகச் சுற்றியது. அவர் குனிந்தார். நாரி பிடித்திருக்க வேண்டும். ஒரு கையை முழங்காலில் ஊன்றித்தான் குனிந்தார். கோழிக்குச் செய்கிற மாதிரிக் கழுத்தைத் திருகினார். பிறகு கையை ஜீன்சில் துடைத்து, அதே கையால் இரண்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அழுகையில்லை, கும்பிடுதான். அடுத்ததைப் பார்க்க நடந்தார்.

பூசணிப் பக்கத்துக் கம்புகளில் இரண்டைத் தலைகீழாய்க் கட்டித் தொங்கவிட்டதும் அவர்தான். மற்றக் காகங்கள் கண்டு பயப்பட வேண்டுமாம்.

சனிக்கிழமை அரைநாள். திரும்பி வரும்போது வானில் எல்லாரும் அவளுக்கு இடம் விட்டு இருந்தார்கள், தொற்று நோய்க்காரிக்கு விடுகிற மாதிரி. தேவதாசன் மட்டும் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை நீட்டினான். வாங்கினாள். தின்றாள். பிறகு போனை எடுத்து ஆய்வுகூட மேற்பார்வையாளருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினாள். சனி ஞாயிறு வேலைமுறையைத் தனக்குத் தரச் சொல்லி. தையில் தொடங்க இருந்த முதுமாணிப் பட்ட வகுப்பு சனிக்கிழமைகளில்தான்; அதற்காகத்தான் அந்த முறையை வேண்டாம் என்று இவ்வளவு காலம் சொல்லிவந்தாள். அனுப்பிய பிறகும் கோபம் குறையவில்லை. இன்னும் கூடியது. தன்னிடம் இருந்து இந்தப் படிப்பைப் பறித்தது யார் என்று பார்த்தால் விரல் நீட்டிக் காட்ட ஒரு ஆளும் இல்லை. எல்லாரும் நல்லவர்கள்.

வீட்டில் புஷ்பராணி சுடுதண்ணி வைத்து, துவாய் எடுத்து வைத்திருந்தாள். மகேந்திரராசா கதிரையில் இருந்தபடியே சப்பாத்தைக் கழற்ற முயன்று விட்டுவிட்டார். மனுசி வந்து நிலத்தில் குந்திக் கழற்றினாள்.

“அம்மா, அங்க என்ன நடக்குதெண்டு தெரியுமோ?”

“கையைக் கழுவிட்டு வா. சாப்பாடு போடுறன்.”

“நீங்கள் குடுத்துவிடுற சோத்தை வைச்சு...”

“தெரியும்.”

மகேந்திரராசா தலையை நிமிர்த்தினார்.

“தெரியுமோ? என்ன தெரியும்?” என்று அவர்தான் கேட்டார்.

புஷ்பராணி அவரைப் பார்க்காமல் சப்பாத்து நூலைப் பார்த்துச் சொன்னாள்.

“புரட்டாதி ரெண்டாம் சனி, சட்டி கழுவேக்க விளிம்பு மடிப்புக்குள்ள துவக்குச் சன்னம் ஒண்டு கிடந்தது. வன்னியால வந்தவளுக்குச் சன்னத்தைக் கண்டா தெரியாதே? காகத்துக்குச் சோறு கொண்டுபோற சட்டியில அது எப்பிடி வந்ததெண்டு யோசிக்க எவ்வளவு நேரம் செல்லும்?”

“சொல்லேல்லையே நீ.”

“நீங்கள் சொன்னனீங்களே?”

தாட்சாயினி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

“தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு கிழமையும் பசி கிடந்தனீங்கள்? அப்ப என்ர சனி?”

“உன்ர சனி போன வருசமே துலைஞ்சுது. ஆர் இப்ப உனக்கு விரதம் பிடிச்சது?” புஷ்பராணி எழும்பி நின்றாள். எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. “நான் பசி கிடக்காமச் சோத்தை அவிச்சுக் குடுத்துவிட்டா அது இரை. கிடந்து குடுத்துவிட்டா படையல். இந்த மனுசன் இரை வைச்சுக் கூப்பிட்டுக் கொல்லுற ஆள் இல்லை. எறும்பு ஓடினாலும் காலைத் தூக்கிறவர். அவர் அங்க படையல்தான் வைக்கிறார். அதுக்குப் பிறகு நடக்கிறது அவங்கட பாவம்.”

“இதை நீங்கள் நம்புறியளோ?”

“நம்பாட்டி அவர் போன் எடுத்துச் சாப்பிடு எண்டு சொல்லேக்க எனக்குத் தொண்டையால இறங்குமோ?”

குழாயில் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. மகேந்திரராசா வெறுங்காலோடு இருந்தார். பாதங்கள் நனைந்து வெளிறிச் சுருங்கியிருந்தன.

“அவர் சனிக்கிழமை போகாட்டி?” என்றாள் தாட்சாயினி.

“போகாட்டி எனக்கேனடி விரதம்? எனக்கென்ன பசிக்காதே?”

அவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. கழற்றாத சப்பாத்தோடேயே நின்றவள் கதவடிக்குப் போய் ஜக்கெட்டை எடுத்தாள்.

“எங்க?” என்றாள் புஷ்பராணி.

“கர்க்லாண்டுக்கு. அப்பா இனிச் சனிக்கிழமைக்கு வரமாட்டார், எல்லா நாளும் வைக்கிற பிடி சோறும் இனி இல்லை எண்டு மாமாட்டச் சொல்லப்போறன். வானுக்க எல்லாருக்கும் முன்னால சொன்னா அப்பாவுக்கு மரியாதை இல்லை எண்டுதான் பொறுத்தனான்.”

“செட் வேலை போயிடும் பிள்ளை,” என்றார் மகேந்திரராசா. மெதுவாக, பஸ்ஸில் கதைக்கிற குரலில்.

“போகட்டும். நான் சனி ஞாயிறு வேலை எடுத்திட்டன்.”

“என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியோ?”

“கேட்டா விடுவியளோ?”

அவர் வாயைத் திறந்தார். விடுவேன் என்று பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. விடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. துவாயை எடுத்துப் பாதத்தைத் துடைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு விரலாக, நேரம் எடுத்து.

“தியாகு எங்களுக்குச் செய்ததுகளை நீ மறந்திட்டாய்,” என்றாள் புஷ்பராணி.

“நான் மறக்கேல்லை. அதையும் சேத்துத்தான் சொல்லப்போறன். நன்றி மாமா, காணும் மாமா எண்டு.”

“அப்ப உன்ர படிப்பு? சனிக்கிழமை வகுப்பெண்டெல்லே சொன்னனீ?”

தாட்சாயினி சிப்பைக் கழுத்து வரை இழுத்தாள். அம்மாவின் முகத்தில் இருந்தது என்ன என்று அவளுக்கு விளங்கியது. அடுத்த பசிக்கு இடம் தேடுகிற முகம்.

“அதுக்கெண்டு விரதம் ஒண்டும் பிடிச்சுப்போடாதேங்கோ,” என்றாள்.

கதவைத் திறந்து வெளியே வந்து, வெளிப்பக்கத்து இரும்புப் படியில் கைபிடி பிடிக்காமல் இறங்கினாள். இரண்டாம் மாடி திரும்புகையில் மேலே கதவு திறந்து, அப்பா வெறுங்காலோடு வந்து நிற்பது தெரிந்தது. கூப்பிடுவார் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. அவள் றோட்டைக் கடந்து, மேற்கே போகிற பஸ்ஸின் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.